மினேகிஷியின் இடது கை

“மினேகிஷியைக் கழற்றி விட்டுடலாம் டீச்சர். இல்லேன்னா திருவிழாவுல நம்ம மானம் கப்பலேறிடும்.”

பயிற்சி முடிந்து, தைக்கோ மேளங்களுக்கு உறை போட்டுக்கொண்டிருந்த தொகாஷி டீச்சர் நிமிர்ந்தார். எதிரே ஹன்யூ. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதுவும் ஒரு நொடி பிந்தினால் பொறுக்கமாட்டார்.

“இன்னிக்கும் அந்த ஆளோட இடது கை லேட்டு. குச்சி வேற நழுவி செருப்பு அலமாரிக்கு அடியில போயிடுச்சு. பாதி நேரம் அதைத் தேடறதுலயே போச்சு!”

“எல்லாரும் சிரிச்சாங்களே ஹன்யூ-சான்?”

“அன்னிக்கு ஊரே சிரிக்கும், பாருங்க.”

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் முன்பெல்லாம் யாரும் யாரோடும் பேசியதில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். போன குளிர்காலத்தில் நான்காம் மாடி ஒதாகிரி இறந்துபோனதுகூட, அவர் கதவு முன்னால் செய்தித்தாள்கள் குவிந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எதிர்வீடு ஹன்யூவுடையது. அவரும் தனியாள்தான்.

அதற்குப் பிறகு குடியிருப்போர் சங்கம் ஆரம்பித்ததுதான் இந்தத் தைக்கோ வகுப்பு. மேளங்கள் போதாமல் முதலில் பழைய டயர்களை அடித்துப் பழகினார்கள். மெதுவாக ஆட்கள் வந்தார்கள். கணவர் போனபின் யாரிடமும் வாயே திறக்காத குரிஹாரா அம்மாகூட வந்தார். இப்போதெல்லாம் ஒருவர் வராவிட்டால் நாலு பேர் போய்க் கதவைத் தட்டுகிறார்கள்.

அடுத்த வாரம் ஹன்யூ பொறுக்கமாட்டாமல் தானே சொல்லிவிட்டார்.

“மினேகிஷி-சான், தப்பா நினைக்காதீங்க. திருவிழா அன்னிக்கு நீங்க மேளத்தைத் தூக்கி வைக்க மட்டும் உதவி பண்ணுங்களேன்.”

மினேகிஷி பருத்த உடம்பு குலுங்கச் சிரித்தார். “தாராளமா. அடிக்கத்தான் தெரியலை, தூக்கவாவது தெரியுமே.”

“அப்ப நானும் வரலை.”

எல்லோரும் திரும்பினார்கள். பேசியது குரிஹாரா அம்மா.

“அவர் போயிட்டா இங்க இருக்கிறதுலயே மோசம் நான்தான். அடுத்து என்னையும் தூக்கச் சொல்லுவீங்க. எனக்கு அவ்வளவு பலம் கிடையாது.”

அந்த அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. ஹன்யூவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“எல்லாரும்தான் அடிக்கிறோம்” என்று டீச்சர் முடித்துவிட்டார்.

திருவிழா அன்று சாயங்காலம், கட்டடங்களுக்கு நடுவே இருந்த மைதானத்தில் காகித விளக்குகளும் சோளம் சுடும் புகையுமாக ஒரே கூட்டம். எல்லோருக்கும் நீலச் சட்டை, தலையில் முறுக்கிய துண்டு. பெரிய மேளம் ஹன்யூவுக்கு. மினேகிஷி கடைசியில், ஓரமாக.

நன்றாகத்தான் தொடங்கினார்கள். பாதியில் குரிஹாரா அம்மா ஒரு அடியை முந்தி அடித்துவிட்டார். பதறிப்போய் நிறுத்தினார். பக்கத்தில் இருந்தவர் தடுமாற, அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் தடுமாறினார். ஆளுக்கொரு பக்கம் தாளம் ஓடியது.

நான் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று ஹன்யூ குச்சியை ஓங்கினார். அடுத்த அடி என்ன? தலைக்குள் ஒன்றுமே இல்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அப்போது ஓரத்தில் இருந்து ஒரு மேளம் கேட்டது.

தொம். தொம். தொம் தொம் தொம்.

வலது, இடது, வலது, இடது. மழை பிடித்தது போல நிதானமாக, பிசகே இல்லாமல். “ஸோரே!” என்று ஒரு முழக்கம்.

மினேகிஷி!

அவர் குரிஹாரா அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மா மெல்லத் தட்டினார். பிறகு ஓங்கித் தட்டினார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியாக ஹன்யூவின் பெரிய மேளமும் அதிர்ந்தது. முடிக்கும் அடி எல்லா மேளங்களிலும் ஒரே அடியாக விழுந்தபோது, மைதானமே எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் வந்ததும் ஹன்யூ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். குரிஹாரா அம்மா அழுதுகொண்டே சிரித்தார். யாரோ எல்லோருக்கும் குளிர்ந்த பார்லி டீ கொடுத்தார்கள். உயிர் வந்தது.

“டீச்சர், இந்த மனுஷன்...” என்றார் ஹன்யூ, மூச்சு வாங்க.

“சொந்த ஊர்க் கோயில் விழாவுல இருபது வயசுலேர்ந்து பெரிய மேளம் அடிச்சவர். குச்சியைப் பிடிச்ச முதல் நாளே எனக்குத் தெரிஞ்சு போச்சு. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கேட்டுக்கிட்டார்.”

ஹன்யூ திரும்பினார். மினேகிஷி கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் மினேகிஷி-சான்? வாராவாரம் வேணும்னே தப்பா அடிச்சு, என்கிட்ட அவ்வளவு பேச்சும் கேட்டுக்கிட்டு... எல்லாம் குரிஹாரா அம்மாவுக்காகவா?”

“அவங்க அப்புறம்தானே வந்தாங்க.” மினேகிஷி கொஞ்சம் தயங்கினார். பிறகு மற்றவர்கள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“முதல் நாள் வகுப்புல இருந்ததுலயே மோசமா அடிச்சது நீங்கதான், ஹன்யூ-சான். வெட்கப்பட்டு மறுபடியும் அந்தக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே உட்கார்ந்துடுவீங்களோன்னு எனக்குப் பயமா இருந்துச்சு.”