துணைக்குப் போனவன்

"வா, எழுந்து போயிடலாம். நஷ்டஈடும் வேணாம், ஒண்ணும் வேணாம்." விசாரணை அறை பெஞ்சில் கணவன் மூன்றாவது முறையாக முணுமுணுத்தான். முகமெல்லாம் வியர்த்துக் கொட்டியது.

"சும்மா இருங்க! ஊசியைப் பார்த்தாலும் பயம், அதிகாரியைப் பார்த்தாலும் பயம்."

மனைவி அதட்டினாள். துணிக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர் அவன். இடது கை செத்துப்போய் ஒரு வருஷம் ஆகிறது. இந்த வாரம் பாழாய்ப்போன மரமரப்பு வலது கைக்கும் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க இந்தப் பணத்தை விட்டால் வேறு கதியில்லை.

கூட வந்த கொழுந்தனோ நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

நஷ்டஈட்டுக் குழுவில் இருந்த பெண் டாக்டர் நிமிர்ந்தார். "தடுப்பூசியாலதான் கை போச்சுன்னு எப்படிம்மா சொல்றீங்க?"

"வேற எதனால டாக்டர்? ஊசி போட்ட சீட்டு இல்லாம உள்ள விடமாட்டோம்னு கம்பெனியில சொல்லிட்டாங்க. இவர் பயந்தாங்கொள்ளி, தம்பியைத் துணைக்குக் கூட்டிட்டுப் போனார். ரெண்டு பேரும் சீட்டோட வந்தாங்க. பத்தே நாள்ல இவருக்குக் கை விழுந்துடுச்சு. போற டாக்டர்கிட்ட எல்லாம் ஊசியாலதான்னு அடிச்சுச் சொன்னேன். அதுக்குத்தான் இன்னைக்கு வரைக்கும் வைத்தியம் பார்க்கறாங்க."

"கூடப் போட்டுக்கிட்டவங்க யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

விடுவாளா அவள்? "ஏன் ஆகல? இதோ, என் கொழுந்தனையே கேளுங்க. அன்னைக்கு ரெண்டு கையும் வீங்கிப்போய் தூக்கவே முடியல. நான்தான் சட்டையைக் கழட்டிவிட்டேன். அவ்வளவு கடுமையான மருந்து!"

டாக்டரின் பேனா நின்றது.

"ரெண்டு கையுமா? ஒரு கையிலதானேம்மா ஊசி போடுவாங்க?"

அவள் கணவன் பக்கம் திரும்பினாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

"என்னங்க, வாயைத் திறந்து சொல்லுங்களேன்! எனக்குப் பயமா இருக்கு."

கொழுந்தன்தான் தட்டுத்தடுமாறி எழுந்தான். அண்ணனின் துவண்ட கையைப் பார்த்ததும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அண்ணனோட ஊசியையும் நான்தான் போட்டுக்கிட்டேன், அண்ணி."