முந்தாலி அம்மாவுக்கு மறுபடி ஒரு சந்தேகம்

“கம்ப்யூட்டர் என்னைத் திட்டுதும்மா” என்றார் போனில் முந்தாலி அம்மா.

தவோங்கா கண்ணை மூடிக்கொண்டாள். மணி ஒன்பது அஞ்சுதான் ஆகியிருந்தது. “என்ன சொல்லித் திட்டுது?”

“எதை அடிச்சாலும் பெரிய பெரிய எழுத்தா வருது. கத்துற மாதிரியே இருக்கு.”

“இடது பக்கம் ‘கேப்ஸ் லாக்’னு ஒரு பட்டன் இருக்கும். அதை ஒரு தடவை அமுக்குங்க.”

“ஓ... இப்ப சாந்தமாயிடுச்சு. நல்லா இரும்மா.”

முசூசு நகர பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, டயர் கடை மாடியில் இருந்தது அந்தச் சின்ன மென்பொருள் கம்பெனி. மொத்தமே நாலு பேர். முதலாளி கோண்ட்வே, புரோகிராம் எழுத இரண்டு பேர், வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்ல தவோங்கா.

அவர்களுக்குச் சோறு போடுவது ஒரு விதை, உரக் கிடங்கு. அங்கே ஓடும் ஸ்டாக் சாஃப்ட்வேர் இவர்கள் எழுதியது. அந்தக் கிடங்கின் தலைமை எழுத்தர்தான் முந்தாலி அம்மா.

முந்தாநாள் பாஸ்வேர்டை மறந்துவிட்டார்.

“அது உங்க பேர்தாம்மா.”

“எந்தப் பேரு? வீட்டுல கூப்பிடுறதா, சர்ச்ல வெச்சதா?”

அதற்கு முதல் நாள் திரை கருப்பாகிவிட்டது. அரை மணி நேர விசாரணைக்குப் பிறகு, மானிட்டர் சுவிட்சையே போடவில்லை என்று தெரிந்தது. போன வாரம் கீபோர்டில் ஓர் எழுத்து வேலை செய்யவில்லை. தவோங்கா மினிபஸ் பிடித்துப் போய்ப் பார்த்தாள். அடியில் மண்டாசிப் பணியாரத் துணுக்கு. டீயோடு தின்றதில் மிச்சம்.

“சார், என்னால முடியல” என்று கோண்ட்வே முன்னால் போய் நின்றாள். “மூணு மாசத்துல அந்தக் கிடங்குலேர்ந்து நாற்பத்தாறு போன் கால். அதுல நாற்பத்தொண்ணு இந்த அம்மா.”

“மீதி அஞ்சு?”

“முதல் மழை அன்னிக்கு சர்வர் படுத்துக்கிச்சே, அன்னிக்கு வந்தது.”

கோண்ட்வேக்கு நினைவிருந்தது. விதை வாங்க வந்த விவசாயிகள் ரோடு வரைக்கும் வரிசையில் நின்றார்கள். நாலு பேரும் ஓடிப்போய் ஒரு மணி நேரத்தில் சரி செய்தார்கள்.

“வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் புதுப்பிக்கணும்” என்றார். “அவங்க கைவிட்டா நாம நாலு பேரும் கீழ போய் டயர் மாட்ட வேண்டியதுதான். இந்த நேரத்துல அவங்க ஆள் மேலயே புகாரா?”

“புகார் இல்ல சார், யோசனை. கம்ப்யூட்டர் தெரிஞ்ச வேற ஒருத்தரை உட்கார வைக்கட்டும். இந்த அம்மா மூட்டை எண்ணுற பக்கம் போகட்டும். எனக்கும் நிம்மதி, அவங்களுக்கும் நிம்மதி.”

கோண்ட்வே யோசித்தார். அதே நேரம் போன் அடித்தது.

“தவோங்கா, பிரிண்டர்ல பேப்பர் வரல.”

“பேப்பர் வெச்சிருக்கீங்களாம்மா?”

“நாமதான் வைக்கணுமா?”

“லெட்டர் எழுது” என்றார் கோண்ட்வே. “நானே கையெழுத்துப் போடுறேன்.”

வெள்ளிக்கிழமை இருவரும் கிடங்கு மேலாளர் சிம்கொண்டாவின் அறையில் உட்கார்ந்திருந்தார்கள். டீ வந்தது. கடிதம் வைத்த கவர் தவோங்காவின் மடியில் இருந்தது.

“உங்ககிட்ட மறைக்க வேண்டாம்” என்றார் சிம்கொண்டா. “ஜனவரியிலயே உங்களை நிறுத்திடலாம்னு இருந்தேன். சாஃப்ட்வேர் அது பாட்டுக்கு ஓடுது, யாரும் உங்களைக் கூப்பிடுறதே இல்ல, அப்புறம் இவங்க எதுக்குன்னு ஆபீஸ் மீட்டிங்லயே கேட்டேன்.”

கோண்ட்வே டீயைக் கீழே வைத்தார்.

“நேத்து போன் பதிவேட்டைப் பார்த்தேன். மூணு மாசத்துல ஐம்பதை நெருங்குது. இத்தனை கோளாறு வர்ற இடத்துல நீங்க இல்லைன்னா கிடங்கே படுத்துடும். இந்தாங்க, ரெண்டு வருஷத்துக்கே போட்டுட்டேன்.”

கையெழுத்தானது. சிம்கொண்டா தவோங்காவைப் பார்த்தார். “அது என்ன கவர்?”

“காலிக் கவர் சார்” என்றாள் அவள். வெளியே வந்ததும் அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் திணித்தாள்.

“கூப்பிட்டுக் கூப்பிட்டே நம்மளைக் காப்பாத்திட்டாங்க, அவங்களுக்கே தெரியாம” என்று சிரித்தார் கோண்ட்வே. “வா, ஒரு வணக்கமாவது சொல்லிட்டுப் போவோம்.”

முந்தாலி அம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். போனைத் தோளில் இடுக்கியபடி கிடங்கின் கரோங்கா ஊர்க் கிளையோடு பேசிக்கொண்டிருந்தார். பத்து விரலும் கீபோர்டில் பறந்தன. குனிந்து பார்க்கக்கூட இல்லை.

“முதல்ல பேக்கப் எடு. எடுத்தியா? இப்ப தேதிக் கட்டத்தை மட்டும் மாத்தி மறுபடி ஏத்து... ஆங், வந்துடுச்சு பாரு. இதுக்கெல்லாம் அந்தப் பொண்ணைத் தொந்தரவு பண்ணாதே. அவளுக்கு என்னாலயே வேலை சரியா இருக்கு.”

போனை வைத்துத் திரும்பியவர், இருவரும் நிற்பதைப் பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

“கையெழுத்து ஆச்சா?”

“ஆச்சும்மா” என்றாள் தவோங்கா. “ஏம்மா இப்படி...?”

“முதல் மழை அன்னிக்கு நீங்க ஓடி வரலைன்னா அந்த வரிசை என்னைப் பச்சையா தின்னிருக்கும். அதைச் சொன்னா எங்க மேனேஜருக்கு ஏறாது. அவருக்கு எண்ணிக்கைதான் புரியும்.”

முந்தாலி அம்மா சோம்பல் முறித்தார். “இனிமே வாரத்துக்கு ஒண்ணு போதும்ல? தினம் காலையில ஒரு முட்டாள்தனமான கேள்வி கண்டுபிடிக்கிறது லேசுப்பட்ட வேலை இல்லம்மா.”