நிற்கக் கூடாத மேடு

"உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமாம்மா?"

பத்து நாளைக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு வந்த அந்த மனிதர் பொன்மணியிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வெளி ஆட்களைக் கண்டாலே வாய் பூட்டிக்கொள்ளும். அம்மா கருப்பம்மாள்தான் முந்திக்கொண்டாள்.

"நல்லா ஓட்டுவா சார். பட்டாசு ஆலைக்கே சைக்கிள்லதான போவா. இப்ப முட்டியை மடக்கச் சொன்னாலே அலறுறா. ஆறு மாசமா அந்த வாக்கரை விட்டு ஒரு அடி நகர மாட்டேங்கிறா. இந்த மாசத்துக்குள்ள மடக்காட்டி கால் கட்டையா நின்னுரும்னு டாக்டர் சொல்லிட்டாக."

அரசு ஆஸ்பத்திரியின் பயிற்சி அறையில் சக்கரம் இல்லாத சைக்கிள் ஒன்று நின்றது. வெந்து ஆறிய கால்களைப் பழக்குவதற்கு. அதை வாங்கிக் கொடுத்ததே அவர்தான் என்று நர்ஸ் சொன்னார். தினமும் நாலு மணிக்கு வந்து ஸ்டூலில் உட்காருவார். பெயரைக் கேட்டால் பேச்சை மாற்றுவார். வார்டுக்கு அவர் சைக்கிள் சார்.

புதுத்தோல் பிளந்துவிடுமோ என்று பொன்மணி உறைந்துபோகும்போதெல்லாம் கதையை எடுத்துவிடுவார். பிரான்ஸ் நாட்டு மலைக்கிராமங்களில் தன்னந்தனியாக சைக்கிளில் சுற்றிய கதை. தலையில் மஞ்சள் பூசிய மைல்கல். கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு ரோட்டை மறிக்கும் செம்மாடுகள். 'குடிக்கக் கூடாது' என்று பலகை மாட்டிய கல்தொட்டிகள்.

"அம்புட்டுத் தெளிவா ஓடுற தண்ணியைக் குடிக்கக் கூடாதாக்கும்" என்று கருப்பம்மாள் நொந்துகொண்டாள். "இங்கன கலங்கலா வந்தாலும் சண்டை போட்டுல்ல புடிக்கிறோம்."

இன்று கருப்பம்மாள் டீ வாங்கப் போனதும் அறை அமைதியானது.

"இன்னைக்குப் பெரிய மேடு" என்றார். "ஒன்பது கிலோமீட்டர். ஒரே மூடுபனி. மிதிம்மா."

மிதித்தாள். முட்டிக்குள் சூடு ஏறியது. மிதிகட்டை சுற்றும்போதெல்லாம் உள்ளே எங்கோ 'டிக்' என்றது. அவள் கைகள் பிடியை இறுக்கின.

"இந்தச் சத்தம் வேண்டாம் சார். பட்டாசு மருந்து வெடிக்க முன்ன அந்த ரூம்புக்குள்ள கேட்ட மாதிரியே இருக்கு."

அவளுக்கு இன்று வாய் திறந்துகொண்டது.

"நாலு பேரு இருக்க வேண்டிய ரூம்புல பன்னண்டு பேரு சார். முந்தின நாளு கலந்து மிஞ்சுன மருந்து. தொட்டா சுட்டுச்சு. பக்கத்துல இருந்த அருணாதேவி அக்காதான் பாத்தா. எங்களை வெளிய விடுங்கன்னு போர்மேன்கிட்ட கெஞ்சுனோம். போர்மேன்னாலும் பெத்தணன் அண்ணாச்சி தங்கமான மனுசர். 'முதலாளியைக் கேக்காம சீசன்ல வேலையை நிறுத்துனா என் சோலி போயிரும்மா, இரு, கேட்டுட்டு வாரேன்'னாரு. வாசல்ல போனும் காதுமா நின்னாரு. அதுதான் நான் அவரைக் கடைசியாப் பாத்தது. அக்காவும் போயிட்டா."

"முதலாளி..." என்று தொடங்கி நிறுத்தினார் அவர்.

"யாரு கண்டா? அவரு மூஞ்சியை ஆலையில ஒருத்தியும் பாத்ததில்லை சார். எங்களுக்கு எல்லாமே அண்ணாச்சிதான்."

மின்விசிறி நேராக அவர் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நின்னுக்கட்டா சார்? தோலு இழுக்குது. கிழிஞ்சிரும் போல இருக்கு."

"நிக்காத. நடு மேட்டுல நிக்கக் கூடாது. நின்னா மறுபடி கிளம்ப முடியாது. உச்சி பக்கத்துலதான்."

அவர் குரலே நடுங்கியது. அந்த நடுக்கம் தனக்காகத்தான் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். பனிக்குள் ஒரு வளைவு, அடுத்து ஒரு வளைவு. எந்த வளைவில் தோல் கிழியுமோ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லைக் கடித்தாள். டிக். டிக். டிக்.

"வந்துட்டோம்" என்றார்.

கண்ணைத் திறந்து குனிந்து பார்த்தாள். முட்டி முழுசாக மடங்கியிருந்தது. ரத்தம் இல்லை. கிழிசல் இல்லை. சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை காணாததைக் கண்டவள் போல, கால்களை நிறுத்தாமல் மெதுவாக மிதித்துக்கொண்டே பேசினாள்.

"அங்கிட்டுக் குளிருமா சார்? நீங்க எந்த மாசம் போனீக?"

"ஆடி. ஆனா குளிருதான்."

"உச்சியில ஏறி என்ன செஞ்சீக? போட்டோ புடிச்சீகளா?"

"இல்லம்மா. பைக்குள்ள கிடந்த போனை எடுத்துப் பாத்தேன். நடு மேட்டுல வரும்போது அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நின்னா கிளம்ப முடியாதேன்னு எடுக்காம ஏறிட்டேன்."

"பாவம், ஊர்ல யாரு அம்புட்டு அவசரமாத் தேடுனாக?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். பிறகு, இதைச் சொல்வதற்காகவே பத்து நாளும் வந்தவர் போல நிமிர்ந்தார்.

"பெத்தணன்" என்றார்.

மிதிகட்டை நின்றது. பொன்மணி இறங்கி, சுவரில் சாய்த்திருந்த வாக்கரைத் தொடாமல், ஆறு மாதத்தில் முதல் தடவையாகத் தன் கால்களாலேயே அவரைக் கடந்து வெளியே நடந்து போனாள்.