மெஷின் சத்தத்தில் ஓர் அழுகை

மேற்குத் தாம்பரத்தில் ஜெயசீலி நடத்தும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில், மெஷின்களின் படபடப்பையும் மீறி அவளுக்குத் தன் கைக்குழந்தையின் அழுகை கேட்கிறது. ஓடிப்போய்த் திரையை விலக்குகிறாள். வெயில் விழாத மூலையில், தூளிக்குள் குழந்தை அயர்ந்து தூங்குகிறது. "இப்பதானே அழுதான்? என்ன கொடுத்துத் தூங்க வெச்சே?" ஆயா செல்லம்மா திகைக்கிறாள். "ஒண்ணும் குடுக்கலம்மா. புள்ள அழவே இல்ல." ஜெயசீலி குனிந்து குழந்தையின் வாயை முகர்கிறாள், பால் வாசனைதான். ஆயாவின் உள்ளங்கையை விரித்துப் பார்க்கிறாள், மருந்து எதுவும் இல்லை. "நீ நல்லாத் தூங்கி எத்தினி நாளாச்சும்மா?" என்கிறாள் செல்லம்மா. ஜெயசீலி வெளியே வந்து, "கிளாஸ் போதும், கிளம்புங்க" என்று மாணவர்களிடம் சொல்கிறாள். கடைசி மெஷினும் ஓய்கிறது. அவள் காதில் அழுகை மட்டும் ஓயவில்லை. திரும்பி வந்து திரையை விலக்குகிறாள்; தூளியோ அசையவில்லை. அவள் ஆயாவின் கையைப் பிடித்துக்கொள்கிறாள். "நான் கொஞ்சம் படுக்கறேன். போயிடாதே, ஆயா."