துணிக்கொடி

என் ஹாம் ரேடியோ ஆன்டெனாவை அபார்ட்மென்ட் செக்ரட்டரி சம்பந்தம் ஆள் வைத்துப் பிடுங்கிப் போட்டார். "மொட்டைமாடியில துணிக்கொடி மட்டும்தாம்மா கட்டலாம்" என்றார். கட்டினேன், செம்புக் கம்பியில். ஈரச் சேலையைப் போட்டு, கம்பியின் முனையை வீட்டுக்குள் இறக்கி டியூனரில் மாட்டினேன். முதலில் பத்தே வாட் கொடுத்தேன். டியூனர் டக்டக்கென்று அடித்துக்கொண்டு, சேலையும் கம்பியுமாக எல்லாவற்றையும் ரேடியோவுக்கு இசைய வைத்தது.

மறுநாள் சம்பந்தமே தன் ஈர வேட்டியை அதில் காயப்போட்டுவிட்டுப் போனார். பவர் ஏறும்போது யாரும் கம்பியைத் தொட்டுவிடக் கூடாதென்று நான் மாடிக் கதவைப் பூட்டிவிட்டு வந்தேன். டியூனர் மறுபடி டக்டக்கென்று தேடி அடங்கியது. பவரை நானூறு வாட்டுக்கு ஏற்றி அழைத்தேன். நேற்றும் என்னோடு பேசிய ஹாம் நண்பர் அந்தோணிசாமி பினாங்கிலிருந்து பதில் சொன்னார்: "நேத்தைவிட நல்லா கேக்குதும்மா. ஆன்டெனாவுல என்ன மாத்துனீங்க?"

"செக்ரட்டரி வேட்டி சேர்ந்திருக்கு" என்றேன்.