வெள்ளைக் கட்டம்

மூன்று நாளாகத் தேடிய சிக்கமாதாவை, ஹொசகட்டே சந்தையில் தட்டு இட்லி தின்றுகொண்டிருந்தபோது பிடித்தார் சப்-இன்ஸ்பெக்டர் நஞ்சேகௌடா. சிக்கமாதா ஒரு காலத்தில் அந்தத் தாலுக்காவையே தூங்கவிடாத திருடன். இப்போது வெற்றிலை விற்கிறான்.

"ஐயோ சாமி, ஆறு வருஷமா ஒரு குண்டூசி கூட எடுக்கல. மாரம்மா மேல சத்தியம்!"

"தெரியும்டா. அதான் என் தலைவலியே" என்ற நஞ்சேகௌடா, அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து தனக்கும் ஒரு தட்டு இட்லி சொன்னார்.

மாவட்டத்துக்குப் புதிதாக வந்த எஸ்.பி.க்குக் கம்ப்யூட்டர் என்றால் உயிர். எல்லா ஸ்டேஷன்களின் திருட்டு எண்ணிக்கையையும் ஓர் எக்செல் தாளில் ஏற்றி, கட்டங்கள் தாமாகவே நிறம் மாறும்படி செய்துவைத்திருந்தார். போன மாதத்தைவிடத் திருட்டு குறைந்தால் கட்டம் பச்சை. கூடினால் சிவப்பு. மாறாமல் இருந்தால் வெறும் வெள்ளை.

ஹொசகட்டேயில் திருட்டே கிடையாது. போன மாதம் பூஜ்யம், இந்த மாதமும் பூஜ்யம். நாலு மாதமாக அந்தக் கட்டம் மட்டும் வெளுத்துப்போய்க் கிடந்தது.

"கௌட்ரே, பக்கத்து ஸ்டேஷன்ல ஒன்பதை நாலாக் குறைச்சிருக்காங்க. நீங்க என்ன குறைச்சீங்க?" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டார் எஸ்.பி.

"பூஜ்யத்துக்குக் கீழ எப்படி சார் குறைக்கிறது?"

"சாக்கு சொல்லாதீங்க! சிவப்பா இருந்தாகூட அடுத்த மாசம் பச்சையாக்கலாம். வெள்ளைன்னா ஆளு வேலையே செய்யலன்னு அர்த்தம்."

பக்கத்து ஸ்டேஷன்காரர் தலையில் மைசூர் பேட்டா என்ற ஜரிகைத் தலைப்பாகை வைத்து மாலை போட்டார்கள். நஞ்சேகௌடாவுக்குக் கிடைத்தது கெடு. இந்த மாதமும் கட்டம் நிறம் மாறாவிட்டால் காட்டுக்குள் இருக்கும் செக்போஸ்டுக்கு மாற்றல். அங்கே யானை உண்டு, பஸ் கிடையாது. மகள் சிந்துவுக்கு இன்னும் இரண்டு மாதத்தில் பி.யு.சி. பரீட்சை. அந்தப் பெண்ணை எங்கே கொண்டு போய் விடுவது என்று நினைக்க நினைக்க மனிதருக்குச் சோறே இறங்கவில்லை.

"ஒண்ணே ஒண்ணு மாதா" என்று கெஞ்சினார். "இந்த மாசம் ஒண்ணு, அடுத்த மாசம் பூஜ்யம். பச்சை விழுந்துடும். பொருளை மறுநாளே கோயில் வாசல்ல வச்சுடு, நான் கண்டுபிடிச்சதா எழுதிக்கறேன்."

சிக்கமாதாவின் கண் கலங்கிவிட்டது. "திருந்தறதுக்கு எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா சாமி? என் மாமியார் இப்பதான் டம்ளரை எண்ணிப் பாக்காம காப்பி குடுக்கறாங்க."

"எனக்காக வேண்டாம். என் பொண்ணுக்காக."

சிக்கமாதா மிச்ச இட்லியைத் தின்று முடித்துக் கையைத் துடைத்தான். "ஏழைபாழைங்ககிட்ட கை வைக்க மாட்டேன்."

"யார்கிட்ட வேணாலும் எடு. ஆனா போலீஸ்னதும் பயந்து வாயை மூடிக்கிற ஆளா இருக்கக் கூடாது. எனக்குப் புகார் வேணும்."

"போலீசுக்கே பயப்படாத ஆளா?" என்று யோசித்தான் சிக்கமாதா. "சரி, பாத்துக்கறேன்."

மாதத்தின் கடைசி நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து எஸ்.பி.யும் ஆய்வுக்கு வந்து சேர்ந்தார். பயணியர் விடுதியில் ராகி முத்தேக் களியும் நாட்டுக்கோழிச் சாறும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். நஞ்சேகௌடா ஸ்டேஷனில் புகார்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஈ காக்கை கூட வரவில்லை.

மூன்று மணிக்கு எஸ்.பி.யின் டிரைவர் ஓடி வந்தான். "ஐயா உடனே வரச் சொன்னார். நீங்க மட்டும் தனியா."

போனார். எஸ்.பி. கட்டிலில் காலைச் சுருட்டி மடக்கி உட்கார்ந்திருந்தார். முதலில் கதவைச் சாத்தச் சொன்னார்.

"கௌட்ரே, வாசல்ல கழட்டி விட்ட என் ஷூவை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

நஞ்சேகௌடாவுக்குச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடாகிவிட்டது. திருட்டு! அதுவும் மாவட்டத்திலேயே போலீசுக்குப் பயப்படாத ஒரே ஆளிடம்! சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். சிக்கமாதாவுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது.

"பேனாவை உள்ள வைங்க" என்றார் எஸ்.பி. அவர் பார்வை மெதுவாகக் கீழே இறங்கி, நஞ்சேகௌடாவின் காலில் நின்றது. "உங்க ஷூ எத்தனாம் நம்பர்?"

"எ... எட்டு, சார்."

"கழட்டுங்க."

நஞ்சேகௌடா குனிந்தார். காலையில் பெய்த மழையில் விடுதி வாசல் முழுக்கச் சேறு. அதில் நடந்து வந்த தன் ஷூத்தடத்தைத் திருடனுடையது என்று நினைத்துவிட்டாரோ? இல்லை, சிக்கமாதாதான் மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கக்கிவிட்டானோ? இனி செக்போஸ்ட் இல்லை, நேராக ஜெயில்தான். கயிற்றை அவிழ்த்து ஷூவைக் கழற்றி வைத்தார்.

"சார், நானே எல்லாத்தையும் சொல்லிடறேன்..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். இந்த ரூமுக்கு வெளிய யாருமே ஒண்ணும் சொல்லக் கூடாது!"

எஸ்.பி. அந்த ஷூவுக்குள் காலை நுழைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்தார். நஞ்சேகௌடாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"இதைப் புகாரா மட்டும் எழுதிடாதீங்க கௌட்ரே, மாவட்டத்துல போன மாசத்தைவிட ஒரே ஒரு திருட்டுதான் கம்மி, இதையும் சேர்த்தா பெங்களூர் ஹெட் ஆபீஸ் தாள்ல என் கட்டம் வெள்ளையாயிடும்!"