பலகைக்குப் பின்னால் ஒரு செடி

எங்கள் கரட்டுக் குன்றில் மஞ்சள் உருண்டைகளாகப் பூக்கும் முள்செடிக்குப் பேராசிரியர் தாமோதரன் அறிவியல் பெயர் வைத்துவிட்டாராம். அகேசியா ஜெகவீரனி. செடியைவிடப் பெரிய பலகையில் எழுதி, செடியின் வேரை வெட்டிக் குழி தோண்டிப் பலகையை நட்டு, விழா நடத்தி மைக்கில் வேறு அந்தப் பெயரை முழங்கினார். ஜெகவீரன் அவருடைய குரு. இந்தக் கரட்டை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"நீங்க இதை என்னன்னு சொல்வீங்கம்மா? கீழே சின்னதா போட்டுக்கலாம்" என்று என்னிடம் கேட்டார் பேராசிரியர்.

சொல்ல மாட்டேன் என்றேன். செடிக்கு நாங்கள் சொல்லும் பெயர்தான் என் நாத்தனாருக்கும். தை மாதம்தான் செத்தாள். செத்தவர் பெயரை வருஷம் திரும்பும்வரை நாங்கள் வாயில் எடுப்பதில்லை. கூப்பிட்டால் வந்துவிடுவார்கள். அதுவரை செடிக்கும் பெயர் கிடையாது.

"சுத்த மூடநம்பிக்கை" என்று சிரித்தவர், வட்டாரப் பெயர் இல்லை என்று எழுதச் சொன்னார்.

"உங்க குரு விழாவுக்கு வரலையா சார்?"

"போன மாசம்தான் தவறிட்டார்."

"செத்தவரையா மைக்கு வச்சுக் கூப்பிட்டீங்க? வந்தார்னா நீங்களே கூட்டிட்டுப் போயிடுங்க. எங்களால சோறு போட முடியாது."

பலகைக்குப் பின்னால் செடி அசைந்தது. பேராசிரியர் சட்டென்று திரும்பிப் பார்த்தார்.